கறிவேப்பிலைச் செடியின் இரு வர்ணங்கள்

குமராட்சியில் எங்கள் வீட்டுப் புழக்கடைக் கறிவேப்பிலைச் செடியில், இளமையில் பறவையின் எச்சம் போலவும் வளர்ந்தபின் இலையோடு இலையாகப் பச்சையாகவும் தோன்றி, தொட்டால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கவைக் கொம்பை நீட்டி மிரட்டும் புழுக்கள் ஆண்டுதோறும் வளர்கின்றன. அவற்றின் கூடுகளிலிருந்து வெளிவரும் வண்ணத்துப்பூச்சிகளில் ஆணினம் முழுவதும் கருஞ்சிறகில் வெண்புள்ளி வரிசையோடு விளங்க, பெண்களிற் சில மட்டும் செந்நிறத் திட்டுகள் தரித்து வருவானேன் என்ற கேள்வியே என்னை இந்த விசாரணையில் இறக்கியது.

முதலில் நூல்களை நாடினேன். 1758-இல் லின்னேயஸ் இந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயரிட்டு, இரண்டையும் வெவ்வேறு இனங்களாகவே எழுதி வைத்தார். இவையெல்லாம் ஒரே இனம், அதன் பெண்களுக்கு மூன்று உருவங்கள் உண்டு என்பதை 1865-இல் விளக்கியவர் ஆல்பிரட் ரஸல் வாலஸ். ஓர் உருவம் ஆணையே ஒத்திருக்கும்; மற்ற இரண்டும் பறவைகள் உண்ண விரும்பாத வேறு இரு இனங்களின் வேஷத்தைப் பூண்டவை. இத்தகைய வேஷத்தின் பிரயோஜனம் உயிர்ப்பாதுகாப்பே என்று அமேசான் காட்டுப் பூச்சிகளைக் கொண்டு ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-இலேயே எடுத்துரைத்திருந்தார்.

வேஷத்துக்கு மூலமான அந்த இரு இனங்களில் ஒன்று, சிவப்புடல் அழகி, எங்கள் இட்லிப்பூச் செடிக்கே தேனருந்த வருகிறது. சிறகுகளைக் கண்டு மயங்கினாலும் உடலைக் கண்டு தெளியலாம்: அதன் உடல் சிவப்பு, அதைப்போல் வேஷமிட்டதன் உடல் கறுப்பு. ஆயின், பறவைகள் அஞ்சும் நஞ்சு அதற்கு எங்கிருந்து வந்தது? கொள்ளிட நீர் பாயும் வாய்க்கால் கரையொன்றில், தரையோடு படர்ந்த ஆடுதின்னாப்பாளையின் இலைகளில், செந்நிற முட்கள் போன்ற சதைமுனைகள் நிறைந்த அதன் புழுக்களைக் கண்டேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி, "எந்த ஆடும் இதுல வாய் வைக்காது தம்பி, அவ்வளவு கசப்பு" என்றார். அந்த இலையின் நச்சமிலத்தைப் புழு உண்டு உடலிற் சேமித்துக்கொள்ள, அதுவே சிறகு முளைத்தபின்னும் அதற்குக் கவசமாகிறது.

வேஷம் பரம்பரையாக இறங்கும் ரகசியமும் பின்னர் வெளிப்பட்டது. கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடைய சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண் பெண் பேதத்தை உருவாக்கும் 'டபுள்செக்ஸ்' என்னும் ஒற்றை மரபணுவே இவ்வர்ணங்களையும் ஆளுகிறது. வேஷமே தரிக்காத தந்தையும் அதன் விதியைத் தன்னுள் சுமந்து மகளுக்கு அளிக்கிறது.

ஆகவே என் கறிவேப்பிலைச் செடியில் பிறக்கும் சிவப்பின் பூர்வீகம், அந்தச் செடிக்கு யாதொரு சம்பந்தமுமில்லாத, மண்வெட்டிக்கு எளிதில் இரையாகும் ஒரு கசப்புப் பூண்டில் இருக்கிறது. அது அழிந்தால் சிவப்புடல் அழகி குறையும். அந்த நஞ்சின் அனுபவம் பறவைகளுக்கு அற்றுப்போனால் வேஷத்தின் மகிமையும் போகும். தோட்டத்துப் பூச்சிகளை நேசிப்பவர்கள் பூச்செடி நடுவதோடு நில்லாமல், வாய்க்கால் கரையைச் செதுக்கும்போது ஆடுதின்னாப்பாளை படர்ந்த சிறு இடத்தையேனும் விட்டுவைக்க வேண்டும் என்று பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.