அது வேற, இது வேற

ஆகஸ்ட் மழை பெய்தால் எனக்கு ஹாங்காங்தான் நினைவுக்கு வரும். 2019, 18ஆம் தேதி, விக்டோரியா பூங்காவில் அரசை எதிர்த்துப் போராட்டம். மேலே இருந்து பார்த்தால் வெறும் குடை. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். ஏற்பாட்டாளர்கள் கணக்கில் 17 லட்சம் பேர்.

மறுநாளே ட்விட்டர், போராட்டத்தின் மேல் சந்தேகம் கிளப்பிய 936 கணக்குகளை முடக்கியதாகச் சொன்னது. பின்னால் இருப்பது சீன அரசு என்றது. பேஸ்புக் நீக்கிய பதிவுகளில் ஒன்று போராடியவர்களைக் கரப்பான்பூச்சி என்றிருந்தது. சீனாவுக்குள் இந்த இரண்டு தளங்களுக்கும் தடை. சொந்த ஜனங்கள் திறக்கக்கூடாத இடத்தில் இத்தனை பொய் முகங்கள் எதற்கு? மழையில் நின்றவன் எவனும் நம்பப் போவதில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குச் சந்தேகம் தட்டினால் போதும். 'ஏதோ இருக்கும்போல' என்று ஒதுங்கிவிடுவான்.

என் மச்சான் அப்படி ஒதுங்கினவன். குவாங்சோவில் வியாபாரம், ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். அந்த மழைக்குச் சில நாள் முன்பு வீசாட்டில் ஒரு படம் அனுப்பினான்: நடைபாதையில் ஒரு பெண் பணம் எண்ணுகிறாள். "கண்ணு போச்சுன்னு கத்துறாங்களே, அவ இவதான். கூட வந்தவனே சுட்டுட்டு போலீஸ் மேல போடுறான்."

ஆகஸ்ட் 11 இரவு சிம் சா சுய் காவல் நிலையத்தருகே ஓர் இளம்பெண்ணின் வலது கண்ணில் அடிபட்டது. போலீஸ்தான் சுட்டது என்று மறுநாள் விமான நிலையம் முழுக்க ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பிள்ளைகள். சுட்டது போராட்டக்காரர்களே என்று வெய்போவில் எழுதி, அந்தப் பணம் எண்ணும் படத்தையும் போட்டது சீன அரசுத் தொலைக்காட்சி. மச்சான் பொய் சொல்கிறவன் அல்ல. வந்ததை நம்பினான். அவனிடமிருந்து அது எங்கள் ஊர் காயல்பட்டினத்துக்கும் போயிற்று. "காசு வாங்கிட்டுத்தான் வர்றாங்களாமே வாப்பா?" என்று உம்மா கேட்டார். 2017இல் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்த பிள்ளைகளுக்காகத் துஆ கேட்டவர் அவர். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அக்டோபரில் வேறொரு பயம். போராட்டத் தலைவர்களில் ஒருவரான ஜிம்மி ஷாமை அடித்தவர்கள் தெற்காசியர்கள் என்று செய்தி கிளம்ப, போராட்டக்காரர்கள் பழிவாங்க நேதன் சாலையில் உள்ள எங்கள் பள்ளிவாசலுக்கு வருவார்கள் என்று பேச்சு. 20ஆம் தேதி ஊர்வலம் அந்தச் சாலையில் வந்தபோது, தெற்காசியர்கள் கூடும் சுங்கிங் மேன்ஷன்ஸ் வாசலில் நம்மவர்கள் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். யாரும் பழிவாங்க வரவில்லை. பள்ளி வாசலில் பாய்ந்தது போலீஸ் வண்டியின் நீலச் சாயத் தண்ணீர். உள்ளூர்ப் பிள்ளைகள் ஓடிவந்து எங்களோடு தேய்த்துக் கழுவினார்கள். மறுநாள் ஹாங்காங் அரசின் அன்றைய தலைவர் கேரி லாமே வந்து மன்னிப்புக் கேட்டார்.

கழுவிய அன்றிரவே மச்சானுக்கு வீடியோ அழைப்பில் கையைக் காட்டினேன். சோப்புப் போட்டும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. "பள்ளியிலயா அடிச்சானுவ?" என்று கொதித்துப் போனான். ஒரு வார்த்தை சந்தேகம் கேட்கவில்லை.

பள்ளிக்கும் அந்தக் காவல் நிலையத்துக்கும் சில நிமிட நடைதான். அந்தப் பெண்ணின் பேச்சை எடுத்தேன்.

"அது வேற, இது வேற" என்றான்.