மாலுமி வீடு

கம்பைநல்லூரில் எங்கள் தெருவுக்கு வந்து எவரைக் கேட்டாலும் எங்கள் வீட்டை 'மாலுமி வீடு' என்றே காட்டுவர். ஊரோ கடலைக் காணாத ஊர். கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மேட்டுநிலம். கம்பைநல்லூர் ஆறு தென்பெண்ணையில் சென்று கலப்பது உண்மையே. ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியும் அதில் நீரைவிட மணலே மிகுதி. இவ்வூரில் மாலுமிக்கு என்ன வேலை என்று கேட்போருக்கு எங்கள் குடும்பம் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருந்தது. என் பாட்டனாரின் தந்தை, அதாவது என் பூட்டனார், பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பல் செலுத்தினார் என்பதே அவ்விடை.

தமிழாசிரியன் ஆனபின் என் கை முதலில் சென்றது அகராதியின் பக்கமே. மீகாமன், நீகான் என்னும் பழஞ்சொற்கள் நம்மிடம் இருக்க, மாலுமி எங்கிருந்து வந்தான்? 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபே அது. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். விண்மீனும் காற்றும் நீரோட்டமும் அறிந்து கலத்துக்கு வழி சொன்னவரை அரபுக் கடலோடிகள் அப்பெயரால் அழைத்தனர். சுக்கான் என்பதும் அம்மொழி தந்த சொல்லே. மதரஸாவில் எனக்கு அலிஃப், பே சொல்லித்தந்த பெரியவரும் முஅல்லிம். ஆற்றில் வழிகாட்டிய என் பூட்டனாரும் முஅல்லிம். வகுப்பறையில் நிற்கும் நானும் ஒருவகையில் முஅல்லிம்! அன்று நான் அடைந்த பெருமிதம் சிறிதன்று. ஆனால் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு உழைத்தவனின் மனம் பெருமிதத்தோடு அமைவதில்லை. சான்று எங்கே என்று கேட்கத் தொடங்கிவிடும்.

ஐராவதி ஃப்ளோட்டிலா கம்பெனி 1865இல் தோன்றியது. 1920களில் 600க்கும் மேற்பட்ட கலங்களை அது நடத்தியது. அவற்றுட் பெரியவை 300 அடிக்கு மேல் நீளமுடையவை. மழைக்காலத்தில் பெருகி, வேனிலில் வற்றி, மணல்திட்டுகளை ஆண்டுதோறும் இடம் மாற்றிப் போடும் ஆறு அது. நேற்று ஓடிய வழியில் இன்று ஓட இயலாது. ஆகவே அந்தந்தப் பகுதியின் ஆற்றைக் கரதலப் பாடமாக அறிந்த வழிகாட்டிகள் தேவைப்பட்டனர். மூங்கில் மிதவைகள் கட்டி வழியைக் குறித்தனர். முன்னணியத்தில் நிற்பவர் நீண்ட கழியால் ஆழம் பார்த்து உரக்கக் கூவ, அதைக் கேட்டே சுக்கான் திரும்பும். இவற்றையெல்லாம் படித்து மகிழ்ந்த எனக்கு, கலங்களில் பணிபுரிந்தோர் பெரும்பாலும் சிட்டகாங் முஸ்லிம்கள் என்னும் செய்தி உறுத்திற்று. சேலம் ஜில்லாவிலிருந்து (அன்று நாங்கள் அந்த ஜில்லாவினர்) சென்ற ஒருவருக்குக் கப்பலை நம்பிக் கொடுத்திருப்பார்களா?

ஒருநாள் அத்தாவிடமே கேட்டேன். எண்பதை எட்டும் வயதில் இருந்த அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் இரும்புப் பெட்டியிலிருந்து மை மங்கிய பணவிடைச் சீட்டு ஒன்றை எடுத்துத் தந்தார். ஹென்சடா என்னும் ஆற்றுத்துறை ஊரிலிருந்து வந்தது அது. அதன்பின் அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூத்தோர் சிலர் இதைப் படித்து முகம் சுளிக்கக்கூடும்.

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. மறு ஆண்டு, ஜப்பானியர் கையில் சிக்கலாகாது என்று கம்பெனியாரே தம் கலங்களை ஆற்றில் மூழ்கடித்தனர். பணவிடை நின்றது. என் பூட்டியார் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். 1964இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டு நம்மவர் திரளாகத் திரும்பியபோது, தருமபுரிக்கு வந்து சேர்ந்த முதியவர் ஒருவரைப் பற்றிக் கேள்வியுற்று என் பாட்டனார் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். அத்தா அப்போது பத்தொன்பது வயது இளைஞர். திண்ணையில் உடனிருந்து கேட்டிருக்கிறார்.

வந்தவர் மறைக்கவில்லை. பூட்டனார் மாலுமி அல்லர். முன்னணியத்தில் நின்று கழியால் ஆழம் பார்த்தவர். போருக்குப் பின் ஹென்சடாவிலேயே மௌத்தானார். அங்கே அவருக்கு ஒரு பர்மிய மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. இத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளை அந்நாட்டில் 'ஸெர்பாதி' என்பார்கள்.

கதவுக்குப் பின் நின்ற பூட்டியார் அழவில்லையாம். ஒன்றே ஒன்று கேட்டாராம்: "அந்தப் புள்ளைங்களுக்கு என்ன பேரு வச்சாராம்?" வந்தவருக்கு அது தெரியவில்லை.

ஆழம் பார்த்தவரை ஊரார் மாலுமியாக்கியது எவ்வாறு என்று அத்தாவைக் கேட்டேன். ஊரார் ஆக்கவில்லை, பூட்டியாரே அவ்வாறு சொல்லிவந்தார், 1964க்குப் பின்னும் சொன்னார் என்றார்.

அவ்வூரின் பெயர் இன்று ஹின்தாதா. சென்ற ஆண்டு அவ்வூர்ப் பள்ளிவாசல் முகவரிக்குப் பூட்டனாரின் பெயரைக் குறித்து ஒரு மடல் எழுதினேன். விடை வரவில்லை. இவ்வாண்டு மீண்டும் எழுதியுள்ளேன். இம்முறை பூட்டியாரின் பெயரையும் சேர்த்து, அவர் கேட்டதையும் கேட்டிருக்கிறேன்.