தலைக்கு மேலே ஓடும் தண்டவாளம்

வேலூரிலிருந்து பாலாற்றை ஒட்டித் தென்மேற்கே செல்பவர்களுக்கு, ஆம்பூர், வாணியம்பாடி என்று அடுத்தடுத்து வரும் ஊர்களில் தோல் பதனிடும் ஷாப்பு சம்பந்தம் இல்லாத தெருவைக் காண்பது அபூர்வம். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதமான தோல் கப்பலேறிச் சீமைக்குப் போன நாள் முதல், குரோமிய உப்பில் ஊறி நீலம் பாய்ந்த ‘வெட் புளூ’ வரை இந்தத் தொழிலின் சரித்திரம் நீண்டது. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் நதி கெட்ட கதையையும், அது குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையுமே எழுதினார்கள். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும், ஈரத்தோலின் அந்தப் பயங்கரக் கனத்தை அன்றாடம் யார், எந்தச் சாதனத்தால் தூக்கி இறக்குகிறார்கள் என்ற விஷயமும் கவனத்துக்கு உரியது என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றிவந்தது.

உப்பிட்டு வரும் எருமைத்தோல் ஒன்று ஊறல் தண்ணீரையும் சுண்ணாம்பையும் குடித்து உப்பிய பிறகு, இருவர் சேர்ந்து பிடித்தாலும் கைநழுவும் வழவழப்பும் கனமும் பெற்றுவிடுகிறது. அப்படிப்பட்ட தோல்களை டன் கணக்கில், ஆளுயரத்துக்கும் மேலே இருக்கும் மர டிரம்மின் வாய்க்குள் ஒவ்வொன்றாக வீசியேற்றிய காலத்தில், தோள்பட்டையும் இடுப்பும் நாற்பது வயதுக்குள் தேய்ந்துபோயின என்று பழைய தொழிலாளிகள் சொல்லக் கேட்டேன். இன்று, ஆம்பூருக்கு அருகே நான் பார்த்த ஷாப்பில், டிரம் வரிசைக்கு மேலே கூரையை ஒட்டி ஒற்றை இரும்பு உத்தரம் ஓடுகிறது. அதன் கீழ்விளிம்பைப் பற்றிக்கொண்டு சக்கரங்களால் நகர்வது மின்சார ஹாய்ஸ்ட். உத்தரமும் ஹாய்ஸ்டும் சேர்ந்த முழு ஏற்பாட்டைத்தான் மோனோரயில் என்கிறார்கள். பொத்தான் பெட்டி ஒரு கேபிளில் தொங்குகிறது. அதைக் கையில் பிடித்த இளைஞர், தட்டில் அடுக்கிய தோலை மேலேற்றி, தடத்தோடு நடத்திச் சென்று, டிரம் வாயருகே உள்ள மேடையில் இறக்குகிறார்.

நான் நின்றுகொண்டிருந்தபோது தோல் தட்டு ஒன்று உத்தரத்துக்கு நேர்கீழே இல்லாமல் நான்கடி தள்ளிக் கிடந்தது. கொக்கியைச் சாய்வாக இழுத்து மாட்டப் போன பையனை மேஸ்திரி ஓர் அதட்டலில் நிறுத்தி, தட்டைக் கைவண்டியில் ஏற்றித் தடத்துக்கு நேர்கீழே தள்ளிவரச் சொன்னார். “ஏன் பாய், நாலடி தானே?” என்று கேட்டேன். “சார், சாய்ச்சு இழுத்தா கயிறு உருளையோட காடியை விட்டு ஏறிக்கும், சரக்கு தரையை விட்டதும் ஊஞ்சல் மாதிரி ஆடி எதிர்ல நிக்கிறவனை அடிச்சுடும்” என்றார். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அந்த மனிதர் சொன்ன காரணம், எந்தப் பொறியியல் கையேடும் சொல்லும் காரணமே.

ஒரு மூலையில், மின்சாரம் நின்றால் பயன்படும் சங்கிலிக் கப்பி தொங்கியது. கைச்சங்கிலியை முழம் முழமாக எவ்வளவோ இழுத்த பிறகுதான் சுமை ஒரு விரற்கடை உயர்கிறது. ஆனால் கையை விட்டாலும் சுமை இறங்குவதில்லை. தொங்கும் பாரமே உள்ளிருக்கும் பிரேக் தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். யந்திர சாஸ்திரத்தில் இதைவிட அழகான யுக்தி ஒன்று உண்டா என்று நான் வியந்ததுண்டு.

ராணிப்பேட்டையில் கொதிகலன் துணைக்கருவிகள் செய்யும் பாரத மிகு மின் நிறுவன ஆலை போன்ற கனரகத் தொழிற்சாலைகளில் ஓடும் பாலக் கிரேனோ வேறு ஜாதி. இருபுறச் சுவர்த் தண்டவாளங்களில் பாலம் நீளவாக்கில் போகும். பாலத்தின்மேல் வண்டி குறுக்கே போகும். கொக்கி மேலும் கீழும் போகும். மூன்று திசையும் அதற்கு வசப்பட்டவை. மோனோரயிலுக்கோ தன் ஒற்றைத் தடமே உலகம்.

தோல் ஷாப்பில் இந்தச் சாதனங்களுக்கு ஒரு பிரத்யேக விரோதி உண்டு. உப்பும் அமிலமும், சல்பைடு கலந்த சுண்ணாம்பிலிருந்து எழும் ஆவியும் கம்பிக்கயிற்றை வெளிக்குத் தெரியாமல் உள்ளிருந்து அரிக்கின்றன. ஆகையால் மற்ற ஆலைகளில் வருஷத்துக்கு ஒருமுறை போதுமென்றிருக்கும் பரிசோதனை இங்கே போதாது என்பது என் திடமான அபிப்பிராயம். கயிற்றில் அறுந்த இழைகள், நீண்டுபோன சங்கிலிக் கண்ணிகள், வாய் அகன்ற கொக்கி இவற்றைத் தினமும் கண்ணால் பார்த்தே வேலை தொடங்க வேண்டும். இன்னொரு விஷயத்தையும் பலர் அறிவதில்லை: இரண்டு கயிறுகளில் ஒரு டன் சுமையை மாட்டும்போது, கயிறுகளுக்கிடையே உள்ள கோணம் 120 பாகைக்கு விரிந்தால், ஒவ்வொரு கயிறும் அரை டன்னை அல்ல, முழு ஒரு டன்னையே தாங்க நேர்கிறது.

“இதோட தாங்கு எடை எவ்வளவு, பாய்?” என்று கேட்டதற்கு, “ஒரு டன் சார்; எழுதியிருந்தது, பெயிண்ட் போயிடுச்சு” என்றார் மேஸ்திரி. மிஞ்சியிருந்த சில எழுத்துக்களும் ஆங்கிலம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, தூக்கும் சாதனம் ஒவ்வொன்றின்மீதும் பாதுகாப்பான எடையைத் தெளிவாகப் பொறிக்க வேண்டுமென விதித்தது. 108-ஆவது பிரிவோ, அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு தொழிலாளரில் பெரும்பான்மையோருக்குப் புரியும் பாஷையிலும் இருக்க வேண்டுமெனப் பணித்தது. மேஸ்திரியின் மனத்தில் இருக்கும் அந்த ஒரு டன், நேற்று வேலைக்குச் சேர்ந்து கொக்கிக்குக் கீழே நிற்பவனுக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஷாப்பு முதலாளிகளை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒவ்வோர் உத்தரத்திலும், ஒவ்வொரு கொக்கியிலும், தாங்கும் எடையைத் தமிழிலும், வடக்கிலிருந்து வந்து உழைப்பவர்களுக்காக ஹிந்தியிலும், தரையில் நிற்பவர் படிக்கும் அளவு பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள், பெயிண்ட் உதிர்ந்தால் அன்றே மறுபடி எழுதுங்கள்.