விபத்து நடந்தால் சொக்சோவை மறந்திடாதீங்க

இது திருவிழா அறிவிப்பு இல்லை. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு சாப்பிட உட்காரும்போது நாங்க அடிக்கடி கேட்கிற விஷயம், அதனால எழுதுறோம். நம்ம தொண்டூழியர்களில் பல பேர் தொழிற்சாலைக்காரங்க. நாங்களும் சூப்பர்வைசர் வேலையிலேயே தலை நரைச்சவங்க.

போன வருஷம், அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்க வரும் ஒரு அக்கா மூணு வாரமா வரலை. விசாரிச்சோம். நைட் ஷிப்ட் முடிஞ்சு மோட்டார்ல வீட்டுக்கு வரும்போது அவர் கணவர் விழுந்து கால் முறிஞ்சிருச்சு. சம்பளம் நின்னு போச்சு. வாடகைக்கு நகை அடகுக் கடைக்குப் போயிருச்சு. "ரோட்டுல விழுந்தா கம்பெனி பொறுப்பில்லை"ன்னு ஆபிஸ்ல சொல்லிட்டாங்களாம். அக்காவோ, "அம்மா உயிரைக் காப்பாத்திட்டா, அதுவே போதும் அண்ணே"ன்னு சொல்றாங்க.

உயிரைக் காப்பாத்தினது அம்மன்தான். வாடகைக்கு வழி சொல்ல நம்ம நாட்டுல சட்டம் இருக்கே! 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிஞ்சு வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் வேலை விபத்துதான். ஆனா வழியில வேற சொந்த வேலைக்குத் திரும்பியிருக்கக் கூடாது. அவர் நேரா வீட்டுக்குத்தான் வந்தார். உள்ளதை உள்ளபடி எழுதினோம். பஞ்ச் கார்டு, போலீஸ் ரிப்போர்ட், டாக்டர் கொடுத்த எம்.சி., வீட்டுக்குப் போற வழியைக் காட்டும் வரைபடம், எல்லாத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். கொஞ்ச நாள் அலைச்சல்தான். பணம் வந்ததும் அக்கா முதல்ல நகையை மீட்டாங்க.

அன்பர்கள் மனசுல வச்சுக்க வேண்டியது:

விபத்து நடந்த அன்னிக்கே மேலாளரிடம் சொல்லுங்க. முதலாளி 48 மணி நேரத்துக்குள்ள சொக்சோவுக்குத் தெரிவிக்கணும். அவர் செய்யலைன்னா நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம்.

எம்.சி. குறைந்தது 4 நாள் இருந்தா, சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும்.

விரல் நுனி போனாலும் சும்மா விடாதீங்க. நிரந்தர இயலாமைக்குத் தனி இழப்பீடு உண்டு. எவ்வளவு பாதிப்புன்னு மருத்துவ வாரியம் பார்த்துச் சொல்லும்.

தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, 2019 முதல் வேலை விபத்துக்கு உங்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு இருக்கு.

சில இடத்துல விரல் நசுங்கினா கையில 300 வெள்ளியைத் திணிச்சு, "ரிப்போர்ட் வேணாம்"னு சொல்றாங்க. தயவு செஞ்சு வாங்காதீங்க. "முதலாளி நல்லவரு, அவருக்கு எதுக்குச் சிரமம்?"னு நம்ம ஆளுங்களே கேட்கிறாங்க. இழப்பீட்டுப் பணம் அவர் பையிலிருந்து போறதில்லை. மாசாமாசம் நம்ம பேர்ல கட்டின சந்தாவிலிருந்து சொக்சோ கொடுக்குது. இதைக் கேட்கிறது பிச்சையும் இல்லை, நன்றி கெட்டதனமும் இல்லை. உரிமை.

யாருக்காவது பாரம் நிரப்பத் தெரியலைன்னா, ஞாயிற்றுக்கிழமை துப்புரவுப் பணி முடிஞ்சு மண்டபத்துலதான் இருப்போம். எம்.சி.யும் சம்பளச் சீட்டும் எடுத்துட்டு வாங்க, உட்கார்ந்து எழுதுவோம். காசு எதுவும் வேணாம்.

மெஷின் பக்கம் வேலை செய்யும் உறவுகளுக்கு இதை அனுப்பி வைங்க. எல்லாரும் கை கால் பத்திரமா வீடு திரும்ப அம்மாவை வேண்டிக்கிறோம்.

ஓம் சக்தி.