பிள்ளையின் ஒப்படையும் என் வினாத்தாளும்

தரம் 10 பிள்ளை ஒருவர் ஒப்படை தந்தார். தலைப்புகளுக்குப் பக்கத்தில் "[தொகு]" என்று கிடந்தது. இடைக்கிடை நீல நிறச் சொற்கள், கீழே கோடு. விக்கிப்பீடியாவை அப்படியே வேர்டில் கொப்பி பேஸ்ட் பண்ணியிருக்கிறார்.

ஏச வாயெடுத்தேன். போன தவணை வினாத்தாளுக்கு நானும் இணையத்தில் ஒரு பந்தி எடுத்தது ஞாபகம் வந்தது. ஒட்டும்போது எழுத்தை மட்டும் ஒட்டும் தெரிவை அமத்தினேன். நிறமும் கோடும் போய்விட்டன. எடுத்த இடத்தை நானும் போடவில்லை. அந்தத் தெரிவு பிள்ளைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்று வகுப்பில் இதை ஒளிக்காமல் சொன்னேன். வாசியுங்கள், பக்கத்தை மூடிவிட்டு சொந்த வசனத்தில் எழுதுங்கள், எடுத்த இடத்தைக் கடைசியில் போடுங்கள். பெற்றோரே, நீங்களும் ஒப்படையை ஒருக்கா வாங்கிப் பாருங்கள். அடுத்த வினாத்தாளில் நானும் போடுவேன்.