ட்யூப் மாத்தணும்

'ட்யூப் மாத்தணும்' என்று நான் சொன்னதும் என் மனைவி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். சமையலறை ட்யூப்லைட் ஒரு வாரமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். பாவம்.

நான் சொன்னது வேறு ட்யூப். கிடார் ஆம்ப்ளிஃபயர் ட்யூப். நாற்பதைத் தாண்டியவராக இருந்தால் உங்களுக்கு 'வால்வு' என்று சொன்னால் புரியும். தாத்தா வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? சுவிட்சைப் போட்டதும் பாடாது. அரை நிமிஷம் யோசிக்கும். உள்ளே மெல்ல ஓர் ஆரஞ்சு வெளிச்சம் வரும். அப்புறம்தான் வாயைத் திறக்கும். அந்தக் கண்ணாடிக் குழல்களை இங்கிலாந்துக்காரர்கள் வால்வு என்பார்கள், அமெரிக்கர்கள் ட்யூப் என்பார்கள்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்கப்புறம் ரேடியோ, டிவி, கம்ப்யூட்டர் என்று ஒவ்வொரு வீடாக வால்வைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கிடார்காரர்கள் மட்டும் விடவில்லை. டிரான்சிஸ்டரைத் தாங்கமுடியாத அளவுக்கு முறுக்கினால் சத்தம் பட்டென்று உடைந்து காதைக் கிழிக்கும். வால்வு அப்படியில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தொண்டை கட்டிய பாடகர் மாதிரி, கரகரப்போடு உடையும். ராக் இசை உலகம் பாதி அந்தக் கரகரப்பில்தான் நிற்கிறது.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது மகளால். அவளுக்கு வாங்கிக் கொடுத்த கிடாரை ப்ளஸ் ஒன் வந்ததும் அவள் மூலையில் வைத்துவிட்டாள். காசு போட்டது வீணாகக் கூடாது என்று நாற்பத்தாறு வயதில் நான் எடுத்தேன். பி.காம். படித்தவன் புத்தி, வேறென்ன?

கிடார் வந்தால் ஆம்ப் வேண்டும். விசாரித்ததில் பெரம்பூரில் ஒரு பெரியவர் பழைய ஃபெண்டர் ஒன்றை விற்கிறார் என்றார்கள். 15 வாட், வால்வு ஆம்ப். போய்ப் பார்த்தேன். மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருஷம் வாசித்தவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, ஆஃபீஸ் ஆண்டுவிழா, எதையும் விட்டதில்லை. மேடையில் அவருக்கு இடம் எப்போதும் டிரம்ஸ் பக்கத்தில்.

'பொய் சொல்லி விக்க மாட்டேன் சார்' என்றார். 'ஆம்ப் டல்லாயிடுச்சு. முன்னாடியெல்லாம் மணி மாதிரி இருக்கும். நாலஞ்சு வருஷமா அந்த மணி இல்ல. நடுநடுவுல கரகரங்குது வேற.'

இவ்வளவு நேர்மையாகப் பேசிய மனிதரிடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் குறையைக் காட்டியே 5,000 ரூபாய் குறைத்துப் பேசி ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

*

இந்த ஃபெண்டர் கம்பெனியை ஆரம்பித்த லியோ ஃபெண்டர் நம் ஜாதி. அதாவது கணக்கு ஜாதி. 1909இல் பிறந்தவர், கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் ஜூனியர் காலேஜில் அக்கவுன்ட்டிங் படித்தார். அக்கவுன்டன்ட் வேலையும் பார்த்தார். பொருளாதார மந்தத்தில் வேலை போயிற்று. 1938இல் கடன் வாங்கி ஒரு ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கடைக்குப் பாட்டுக்காரர்கள் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வர, ரிப்பேர் செய்து செய்து, எது அடிக்கடி கெட்டுப்போகும் என்று தெரிந்துகொண்டு, தானே செய்ய ஆரம்பித்தார். கடைசிவரை அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால், தேயப் போகிற சாமானை லேசாகக் கழற்றி மாற்றுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கணக்குப் படித்தவருக்குத் தேய்மானம் என்றால் என்னவென்று சொல்லித்தரவா வேண்டும்?

வால்வு ஏன் தேய்கிறது? காவிரியில் மதகு பார்த்திருப்பீர்கள். ஓர் ஆள் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு வாய்க்கால் தண்ணீர் கூடும், குறையும். வால்வும் மதகுதான். நடுவே ஒரு சின்னக் குழல். அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்ஸைடு பூச்சு. அதைச் சூடாக்கினால் எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டுக்குப் பாயும். நடுவில் ஒரு கம்பி வலை. கிடாரிலிருந்து வரும் இத்தனூண்டு மின்சாரம் அந்த வலையில் ஆடினால், பெரிய பாய்ச்சல் அதே தாளத்தில் ஆடும். அவ்வளவுதான் ஆம்ப்ளிஃபயர்.

சிக்கல் அந்தப் பூச்சில். உபயோகிக்க உபயோகிக்க அது எலெக்ட்ரான் தருகிற சக்தியை இழக்கும். முதலை எடுத்தே வட்டி கொடுக்கிற ஃபைனான்ஸ் கம்பெனி மாதிரி. கொஞ்ச நாள் எல்லாம் ஜோராக நடக்கும். ஒரு நாள் பார்த்தால் கல்லாவில் ஒன்றும் இருக்காது.

வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பது இன்னும் மோசம். வால்வின் உச்சியில் வெள்ளி பூசிய மாதிரி ஒரு பளபளப்பு இருக்கும். அது பால் வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு காலி. ஆனால், பளபளவென்று இருந்தால் நல்ல வால்வு என்று நம்பிவிட முடியாது.

வால்வு வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். 'வால்வா? பைப் கடைல கேளுங்க சார்' என்றார்கள். ஒரே ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் மட்டும் முகம் மலர்ந்து உட்காரவைத்தார். ஒரு காலத்தில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸே ரேடியோ வால்வு தயாரித்ததைப் பெருமையாகச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். வால்வு மட்டும் இல்லை.

இன்றைக்கு ஆம்ப் வால்வு செய்கிற பெரிய ஆலைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ரஷ்யாவில் சரடோவ், ஸ்லோவாக்கியாவில் சாட்சா, அப்புறம் சீனா. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய கையோடு ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட, உலகம் முழுக்கக் கிடார்காரர்கள் கைக்குக் கிடைத்த வால்வையெல்லாம் வாங்கிப் பதுக்கினார்கள். நான் ஸ்லோவாக்கியா சரக்கை வரவழைத்தேன். ஐந்துக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 10,000 ரூபாய். பெரியவரிடம் அடித்துப் பேசிய 5,000 அங்கே இரண்டு மடங்காகப் போயிற்று.

*

நீங்களும் மாற்றலாம். பெரிய வித்தை இல்லை. ஆனால் சிலதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்பை அணைத்து, பிளக்கை உருவி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டால் விரலில் தோசைக்கல் தழும்பு நிச்சயம். பின்பக்க மூடியைத் திறந்தால் வால்வுகள் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்யூட் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கை உருவின பிறகும் அங்கே கெப்பாசிட்டர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

என்னுடையதில் குட்டையாக மூன்று, 12 ஏ.எக்ஸ். 7. சற்று உயரமாக இரண்டு, ஈ.எல். 84. முன்னவை கிடார் சத்தத்தைத் தேற்றிவிடும். பின்னவை ஸ்பீக்கரைத் தள்ளும். இரண்டு வகைக்கும் ஒன்பது கால், ஒரே அளவு சாக்கெட். எனவே இடம் மாற்றிச் செருகிவிட வாய்ப்பு உண்டு. கழற்றுமுன் ஒரு தாளில் படம் போட்டுக்கொள்ளுங்கள். உயரமான இரண்டையும் ஜோடி பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் அவை. ஒன்று கிழடாகவும் ஒன்று காளையாகவும் இருந்தால் வண்டி ஓடாது. சில ஆம்ப்களில் புது ஜோடி போட்டதும் பயாஸ் என்று ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். அது மெக்கானிக் வேலை. என்னுடைய மாடலில் அதற்குத் திருகே கிடையாது.

வால்வை நேராகக் கீழே இழுங்கள், மெல்ல வட்டமாக அசைத்தபடி. வளைத்தால் கண்ணாடி விரிசல் விடும். செருகும்போது கால்களுக்கு நடுவே ஓர் இடைவெளி பெரிதாக இருக்கும், அதைச் சாக்கெட்டோடு பொருத்துங்கள். ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் ஆம்பைப் போடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அது வால்வை விட விலை.

கரகரப்புக்குக் காரணம் எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. புதுசைப் போடுவதற்கு முன்பு ஆம்பை ஓடவிட்டு, மரக்குச்சியால் வால்வுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தட்டினேன். முதல் வால்வு மட்டும் ஸ்பீக்கரில் 'டிங்' என்று திருப்பிப் பேசியது. குற்றவாளி அதுதான்.

ஐந்தையும் மாற்றி, சுவிட்சைப் போட்டேன். ஆரஞ்சு வெளிச்சம். மகள் வந்து நின்றாள். ஒரு கார்டு அடித்தேன். கரகரப்பு இல்லை. பாதி வால்யூமிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லாம் சரி.

மணியை மட்டும் காணோம்.

ட்ரெபிளைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். முழுக்கத் திருப்பிவிட்டேன்.

'அப்பா, ப்ளீஸ்!' மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். 'ஊசி மாதிரி குத்துது. எப்பவும் ஏம்பா இவ்ளோ ட்ரெபிள் வெச்சிருக்கே?'

எப்பவும்?

'பழைய வால்வு இருக்கறச்சேயும் இப்படித்தானே வெச்சே. டிவியும் அப்படித்தான்.'

*

காது பரிசோதனைக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வரைபடத்தில் என் கோடு நேராகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. கிடாரின் அந்த மணி இருக்கிற இடம் கிட்டத்தட்ட அதுதான். அதிகச் சத்தம் கேட்டவர்களுக்கு முதலில் அங்கேதான் பள்ளம் விழும் என்றார் டாக்டர். இருபது வருஷம் பேட்டி டேப்புகளை ஹெட்போனில் முழுச் சத்தம் வைத்துக் கேட்டு டைப் அடித்தவன் நான்.

உள்காதில் சத்தத்தை வாங்குகிற மயிர்ச் செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது கொடுத்ததுதான். போனால் போனது. கோழிக்குக்கூட அவை திரும்ப முளைக்கின்றன என்று 1980களில் கண்டுபிடித்தார்கள். நமக்கு முளைப்பதில்லை. லியோ ஃபெண்டர் மாதிரி யாரும் பின்பக்கம் மூடி வைக்கவில்லை. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்காக 1965இல் ஜிம் மார்ஷல் 100 வாட் வால்வு ஆம்ப் செய்து கொடுத்தார். பின்னாளில் அந்த டவுன்ஷெண்டே தன் காது கெட்டுப்போனதைப் பற்றி ஊர் முழுக்கப் பேசினார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு என் காதைப் பற்றிக்கூட அவ்வளவு யோசனை இல்லை. 'நாலஞ்சு வருஷமா அந்த மணி இல்ல சார்' என்ற குரல்தான் திரும்பத் திரும்ப வந்தது. வால்வு பலவீனமாக இருந்தது உண்மை. கரகரப்பும் உண்மை. ஆனால் மணி? மகள் காதுக்கு அது எப்போதும் இருந்திருக்கிறது. முப்பது வருஷம் டிரம்ஸ் பக்கத்தில் நின்றவர் தன் காதின் குறையை ஆம்பின் கணக்கில் எழுதி, நான் அதற்குத் தள்ளுபடியும் வாங்கியிருக்கிறேன்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்புறம் ஃபோன் செய்து, 'வால்வு மாத்தியிருக்கேன், வந்து வாசிச்சுப் பாருங்க' என்றேன்.

வந்தார். உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்ததும் வேறு ஆளாகிவிட்டார். விரல்களில் இன்னும் தேய்மானம் இல்லை. முதல் காரியமாக ட்ரெபிளை முழுக்கத் திருப்பினார். உள் அறைக் கதவு மெல்லச் சாத்தப்படுவதைப் பார்த்தேன். பத்து நிமிஷம் வாசித்துவிட்டு, 'சுத்தமா இருக்கு சார். நல்லா இழுக்குது. ஆனா அந்த மணி வரலை' என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் காது ரிப்போர்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். 'எனக்கும் வரலைங்க. இந்தப் பள்ளம்தான் காரணமாம்.'

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போய்ப் பள்ளத்தில் நிறுத்தினார்.

'அப்ப ஆம்ப் நல்லாத்தான் இருந்துருக்கு' என்றார்.

'ஆமாங்க.'

'இந்த டெஸ்ட்டு எங்க சார் எடுக்கறாங்க?'

விலாசம் எழுதிக் கொடுத்தேன். கூடவே ஒரு கவரில் 5,000 ரூபாய் வைத்து நீட்டினேன். வேண்டாம் என்பார், நான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் வசனமெல்லாம் தயார் செய்திருந்தேன். அவர் சட்டென்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். 'டெஸ்ட்டுக்கு ஆகும்' என்றார்.

உங்களுக்கும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் போட்டது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். 15 வாட் வால்வு ஆம்ப் ஒரு சின்ன அறையில் அதை அநாயாசமாகத் தொடும். காதடைப்பான் 100 ரூபாய்க்குள் கிடைக்கிறது.

இப்போது என் ஆம்பில் ட்ரெபிள் குமிழுக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. பாதிக்கும் கொஞ்சம் கீழே. மகள் வைத்தது. எனக்கு அந்த இடத்தில் சத்தம் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி கேட்கிறது. இருந்தாலும் புள்ளியைத் தாண்டித் திருப்புவதில்லை. அங்கே மணி இருக்கிறது என்று அவள் சொல்கிறாள்.

சமையலறை ட்யூப்லைட்டை இன்னும் மாற்றவில்லை.