நியூட்ரல் அறுந்த நாள்

போன ஐப்பசியில எங்க வீட்டு டேப் டெக் புகைஞ்சு போச்சு. இடி விழுந்துதான் போயிருக்கும்னு கேட்டவங்க எல்லாரும் சொன்னாங்க. அன்னைக்கு இடியே இடிக்கலீங்க.

காத்துக்குத் தென்னை மட்டை ஒண்ணு லைன் மேல விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்துடுச்சு. நான் திண்ணையில உக்காந்திருந்தேன். குண்டு பல்பு திடீர்னு கண்ணு கூசற மாதிரி வெள்ளையா எரிஞ்சுது. "ஏனுங்க, கரண்டு என்ன இப்படி வருது?"ன்னு வீட்டுக்காரி கேட்டு முடிக்கறதுக்குள்ள பல்பு போச்சு. உள்ளே கருகல் வாசம்.

வீட்டுக்கு வர்ற 230 வோல்ட்டுங்கறது ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல இருக்கற அளவு. ரெண்டு பேஸுக்கு நடுவுல 400. நியூட்ரல் அறுந்தா அந்த 400ஐ ரெண்டு பேஸுல இருக்கற வீடுங்களும் பங்கு போட்டுக்கும். எந்தப் பக்கம் ஓடற சாமான் கம்மியோ அந்தப் பக்கம்தான் வோல்ட் ஏறும். மத்தியான நேரம், எங்க பேஸுல எல்லாரும் காட்டுல இருந்தாங்க.

ஸ்பைக் பஸ்டர் இருந்துச்சே, அது காப்பாத்தலையான்னு கேப்பீங்க. அது கண் சிமிட்டற நேரம்கூட இல்லாத சின்ன அதிர்ச்சிக்குத்தான். விடாம வோல்ட் ஏறி நின்னா அதுவே எரிஞ்சிடும். எரிஞ்சுது.

டெக் போனா போகட்டும். ஆனா உள்ளே இருந்தது 1991ல எங்கப்பா உடுக்கையடிச்சு அண்ணன்மார் கதை பாடுன கேசட். வேற பிரதி கிடையாது. டவுன்ல ரிப்பேர் பாக்கற பெரியவர் மூடியைத் திறக்கற வரைக்கும் எனக்குத் தொண்டையில எச்சி இறங்கல. டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டரும்தான் போயிருந்துச்சு. கேசட்டுக்கு ஒண்ணுமில்ல.

அப்புறம்தான் புத்தி வந்து மெயின் போர்டுல ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் போட்டேன். வோல்ட் 270ஐத் தாண்டுனா அதுவே லைனைத் துண்டிச்சிடும். எர்த் குழியையும் தோண்டிப் பாத்தோம், காஞ்சு கட்டாந்தரையா கிடந்துச்சு. கரியும் உப்பும் போட்டுப் புதுசா அமைச்சோம். கோடையில ரெண்டு குடம் தண்ணி ஊத்தறேன், மாட்டுக்குக் காட்டற மாதிரி.

இடிக்கு இதெல்லாம் முழுசா தாங்காது. மேற்க மேகம் கருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிடணும். ஸ்விட்சை அணைச்சா மட்டும் போதாது, மின்னல் அந்த இடைவெளியைத் தாண்டிடும். டிஷ் ஒயரையும் கழட்டணும். எங்க தெருவுல ஒருத்தர் பிளக்கைப் பிடுங்கிட்டு ஒயரை விட்டுட்டார், டிவி போச்சு. இடி தலைக்கு மேல வந்த பிறகு ஒயர்ல கை வெக்கவே கூடாது.

பையன் கேசட்டைப் போன்ல காப்பி எடுத்துட்டான். கெப்பாசிட்டர் மாத்துனதுல பழைய 'ம்ம்'ங்கற இரைச்சலும் போயிடுச்சு. ரெண்டு பாட்டுக்கு நடுவுல அப்பா இருமறது இப்பத்தான் கேக்குது.